செம்பு கலந்த உறை

ஆவுடையை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு பஸ் ஜன்னலில். நாகர்கோவில் பஸ். மகள் வீட்டில் பேரனுக்குக் காது குத்து, அவள் முன்னால் போகிறாள், நான் இரண்டு நாள் கழித்து வருவதாகப் பேச்சு. பஸ் நகர்ந்த பிறகு தலையை வெளியே நீட்டி என்னிடம் ஏதோ சொன்னாள். டிரைவர் அந்த நேரம் பார்த்து ஹார்ன் அடித்தான். வாய் அசைந்தது, கை அசைந்தது, மூக்குத்தியில் வெயில் பட்டுத் தெறித்தது, சொன்னது மட்டும் வந்து சேரவில்லை. எல்லாம் புரிந்தவன் போல நான் தலையை ஆட்டினேன். அவளும் திருப்தியாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அப்புறம் கடைத்தெருவெல்லாம் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் ஒரே புகை, அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்து பாத்திரம் கரியாகி உட்கார்ந்திருக்கிறது. அவள் சொன்னது பால். வேறு ஒன்றுமில்லை. மறுநாள் விடிவதற்குள் மகள் வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டாள். துக்கம் கேட்க வந்தவர்கள், கடைசியாக உங்களிடம் என்ன சொன்னாள் என்று கேட்டபோது உள்ளதைத்தான் சொன்னேன், பால் என்று. அவர்கள் வேறு பாலை நினைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்கள், போகிற உயிருக்கு எப்படித் தெரிந்திருக்கிறது பார் என்றார்கள். எனக்குச் சிரிப்பு முட்டியது. துண்டை வாயில் வைத்துக்கொண்டேன். அழுகிறான் என்று நினைத்து இரண்டு பேர் என் முதுகைத் தடவினார்கள். அழவும் செய்தேன், அது வேறு. ஆனால் அவள் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது வேறொன்று உண்டு. அதை அவள் வாயால் சொல்லவில்லை, எழுதினாள். எழுதியது இந்தத் தெருமுனையில், டீக்கடைக்காரர் எனக்காக எடுத்துப்போட்ட பிளாஸ்டிக் நாற்காலிக்கு நேர் எதிரே, மண்ணுக்குக் கீழே இருக்கிறது. இருக்கிறது என்று சொல்லக்கூடாது. இருந்தால் இருக்கும். இன்று காலையில் தெரிந்துவிடும்.

மூடியைத் திறந்துவிட்டார்கள். உள்ளே காற்றடிக்கிற இயந்திரம் ஓடுகிறது, அதன் மஞ்சள் குழாய் மலைப்பாம்பு மாதிரி மேன்ஹோலுக்குள் தலையை விட்டுக் கிடக்கிறது. ஊர் பெருகிவிட்டது, பழைய பாதாளச் சாக்கடை போதவில்லை, பெரிய குழாய் போடப்போகிறார்கள். அதற்காகப் பழைய உறைகளைக் கிரேன் வைத்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறார்கள். கிணற்றுக்கு இறக்குகிற அதே மாதிரி உறைதான், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அதுதான் மேன்ஹோல். மேலே இருப்பது சாதாரண உறை, அதற்குக் கீழே செம்பு கலந்த உறை, அதற்கும் கீழே நிக்கல் கலந்தது. மூன்றையும் வார்த்த கைகளில் என் கை ஒன்று. ரிஸ்வானா, இந்த வேலையைப் பார்க்கிற இன்ஜினியர் பெண், போன வாரம் என் வீட்டுக்கு வந்து, தாத்தா, நீங்க வந்து ஒக்காந்தாப் போதும், எது எதுன்னு அடையாளம் சொல்லுங்க என்றாள். நான் ஒரு வாரமாகத் தூங்கவில்லை என்று அவளிடம் சொல்லவில்லை. வாடை வருகிறது. அழுகிய முட்டை வாடை. வாடை வருகிறவரை பயமில்லை. வாடை திடீரென்று நின்றால்தான் பயம், அப்போது வாயு குறைந்தது என்று அர்த்தமில்லை, மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம், அடுத்து ஆள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஜெபராணி மேடம். அதனால் நான் அவ்வப்போது மூக்கை உறிஞ்சி வாடை வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். டீக்கடைக்காரர், என்ன அண்ணாச்சி, மல்லியப்பூவா மோந்து பாக்கீய என்கிறார். எனக்கு அது மல்லிகைதான் என்று சொன்னால் நம்புவாரா? இந்த வாடைதான் என் வாலிபத்தின் வாடை. கல்யாணமான முதல் வருஷத்தின் வாடை. அதோடு ஈரச் சிமெண்டு வாடை, ஈரச் சாக்கு வாடை, ஆவுடையின் தலையில் நல்லெண்ணெய் வாடை. எல்லாம் ஒரே பொட்டலத்தில் வருகிறது, பிரிக்க முடியவில்லை.

ஜெபராணி மேடம் கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்தவர். வெள்ளைச் சேலை, பெரிய கைப்பை, சிரித்தால் தெருவுக்கே கேட்கும். ஊரில் முதல்முதல் பாதாளச் சாக்கடை போட்ட காலம். எங்களுக்கு முன்னால் போட்ட பக்கத்து ஊர்க் குழாயின் உச்சி சில வருஷத்திலேயே இடிந்து ரோடு உள்வாங்கிவிட்டது. அடியில் ஓடுகிற தண்ணீர் அரித்திருந்தால் அடிதானே போகவேண்டும், உச்சி எப்படிப் போகும்? எங்கள் வார்ப்புக் களத்தில் எல்லோருக்கும் இதே கேள்வி. மேஸ்திரி தளவாய்க்கு அது கெட்ட ஆவியின் வேலை. மேடம் வந்து களத்துச் சிமெண்டு மூட்டையில் உட்கார்ந்துகொண்டு விளக்கினார். ஆவிதான் மேஸ்திரி, நீங்க சொன்னது சரி, ஆனா அந்த ஆவிக்குப் பேர் இருக்கு. அடியில் சேறு இருக்கிறதே, அதற்குள் ஒரு ஜாதி நுண்ணுயிர், அது இந்த முட்டை வாடை வாயுவை விடுகிறது. வாயு மேலே போகிறது. மேலே உச்சி எப்போதும் வியர்த்திருக்கும். அந்த ஈரத்தில் இன்னொரு ஜாதி. அதற்கு வாயுவில் இருக்கிற கந்தகம்தான் சோறு. தின்றுவிட்டு அது வெளியே விடுவது கந்தக அமிலம். அமிலம் பட்ட சிமெண்டு ஊறிய அவல் மாதிரி ஆகிவிடும், விரலால் வழிக்கலாம். அதுங்க திங்கறத நிறுத்தணும், அதுக்குச் சிமெண்டுல கொஞ்சம் உலோகம் கலந்து வார்த்துப் பார்க்கலாம்னு ஒரு யோசனை, அவ்வளவுதான், செய்யலாமா என்றார். கெஞ்சுகிற மாதிரி கேட்டார். பெரிய படிப்புப் படித்தவர், களத்தில் நின்று எங்களிடம் செய்யலாமா என்று கேட்டது எனக்கு எத்தனையோ நாள் காதிலேயே இருந்தது. அதற்கப்புறம்தான் நான் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். எட்டாவதோடு நின்றவன். கந்தகம் என்று தேடி, கிடைத்ததையெல்லாம் எழுத்துக்கூட்டி, புரியாததை மேடத்திடம் கேட்டு. போகட்டும். நான் எங்கே இருந்தேன்? செம்பு. செம்பில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டது.

செம்புத் தூள் தூத்துக்குடியிலிருந்து வரவேண்டும், வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் ஆவுடையிடம் அலுத்துக்கொண்டேன். நாளைக்குச் செம்பு போட்டு ஒரு உறை வாக்கணும், செம்பு வந்து சேரல ஏட்டி, எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கோம். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள், ஒரு செம்புக்கா இம்புட்டு ஆளும் நிக்கீய? ஆமா, அது என்ன லேசுல கெடைக்கிற சாமானா என்றேன். அவள் நினைத்தது வேறு. வீடு கட்டினால் கடக்காலில் நவதானியமும் பொன்னும் வெள்ளியும் செம்பும் போடுவதில்லையா, அரசாங்கம் ஊருக்கே ஒரு பள்ளம் தோண்டுகிறது, அதற்கும் சாங்கியம் செய்கிறார்கள், ஆனால் கஞ்சப் பயல்கள், நிறை தண்ணீர் வைக்க ஒரு செம்பு கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் களத்து வாசலில் வந்து நிற்கிறாள். நிறைமாசம். ஒரு கை இடுப்பில், இன்னொரு கையில் அவள் அம்மா சீராகக் கொடுத்த செம்பு, புளி போட்டுத் தேய்த்து, கழுத்தில் மஞ்சள் நூல் சுற்றி, தளும்பத் தளும்பத் தண்ணீர். இந்தாங்க, வேல முடிஞ்சதும் கழுவித் திருப்பிக் குடுத்திரணும் என்றாள். ஒரு நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை. முதலில் தளவாய்க்குத்தான் விளங்கியது. மைனி, இத அரைச்சுப் போடவா, அப்படியே போடவா? களமே சிரித்தது. மேடம் சிரித்து இருமி மூட்டையைப் பிடித்துக்கொண்டார். ஆவுடை, செம்புன்னா பாத்திரம் இல்லம்மா, உலோகம், தூளு. ஆவுடை சுற்றி எல்லோர் முகத்தையும் பார்த்தாள். அவள் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். அழுதுவிடுவாளோ என்று நினைத்தேன். அவள் செம்பை மேடத்தின் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, அப்ப இது என்ன மேடம், மண்ணா? இதுவும் செம்புதான? என்றாள். மேடம் சிரிப்பை நிறுத்தினார். நெசந்தான், இதுவும் செம்புதான் என்றார். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். ஆவுடை சிரித்தால் வயிறு குலுங்கும், குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம். அந்தப் பயம்கூட இப்போது நினைத்தால் இனிக்கிறது.

மதியத்துக்குள் தூள் வந்துவிட்டது. கட்டி தட்டாமல் தண்ணீரில் கரைத்துக் கலவையில் ஊற்ற ஏதாவது பாத்திரம் வேண்டும். வாளி பெரிது, டம்ளர் சிறிது. எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. ஆவுடையே கொடுத்தாள், பெருமையாக. அவள் செம்பில்தான் செம்பைக் கரைத்தோம். கரைத்து முடித்ததும் மேடம் சொன்னார், இனிமே இதுல தண்ணி குடிக்கக் கூடாது ஆவுடை, இந்தத் தூளு ஒட்டிக்கிட்டா போகாது, வயித்துக்கு ஆகாது. அப்பொழுது அவள் கேட்டாள், அப்ப எஞ் செம்பு? அந்தக் குரல். குழந்தையின் கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி. மறுபடி களம் சிரித்தது. அன்றிலிருந்து களத்தில் எது காணாமல் போனாலும், கரண்டியானாலும் வெற்றிலைப் பெட்டியானாலும், அப்ப எஞ் செம்பு என்பார்கள். மேடம் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, உலோகம் என்ன செய்யும் என்று சொன்னார். அது அந்த நுண்ணுயிரோட உடம்புக்குள்ள போயி, கந்தகத்தைச் செரிக்கிற இடத்துல ஒட்டிக்கிடும். பசி இருக்கும், எதிர்ல சோறு இருக்கும், திங்க முடியாது. ஆவுடை யோசித்துவிட்டு, மசக்கை மாதிரியா மேடம் என்றாள். மேடம் அவளையே பார்த்தார். அதே மாதிரிதான்டீ என்றார். ஆவுடை, பாவம், அதுக்கும் புள்ளகுட்டி இருக்குமுல்லா என்றாள். தளவாய் அதற்கு மசக்கை உறை என்று பேர் வைத்துவிட்டான். அந்தப் பேர்தான் நிலைத்தது.

மசக்கை உறை உறையவில்லை. மற்ற இரண்டும் ஒரே ராத்திரியில் இறுகிக் கல்லாகிவிட்டன, இது மட்டும் மறுநாளும் ஈரச் சவுக்காரம் மாதிரி நிற்கிறது. தளவாய் உள் அச்சைக் கழற்றிவிட்டு, தொட்டுப் பார்த்துவிட்டு, நகம் இறங்குதே, போச்சு, எல்லாம் போச்சு, உடைச்சிருவமா என்றான். மேடம் பதறி வந்து, செம்பு சேர்ந்தா மெதுவாத்தான் இறுகும், அவசரப்படாதீங்க என்றார். ஆவுடை எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். குனிய முடியாமல் குனிந்து உள்பக்கம் விரலால் அழுத்திப் பார்த்தாள். உறை மோர் சரியாக் குத்தல போலிருக்கு என்றாள். அப்புறம் கொண்டை ஊசியை உருவினாள். நான் சாக்கு நனைக்கத் தண்ணீர் எடுக்கத் தொட்டிப்பக்கம் போயிருந்தேன். திரும்பி வரும்போது அவள் உறைக்குள் கையை விட்டு ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள், நாக்கு நுனி வெளியே தெரிகிறது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கோணல் இல்லாமல் எழுதுகிற மாதிரி. என்ன எழுதுத? என்றேன். சட்டென்று ஈரச் சாக்கை இழுத்து மூடிவிட்டாள். மூடிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. உதட்டைக் கடித்தாள். என் கையைப் பிடித்தாள், பிடித்த பிடியில் என் விரல் எலும்பு நொறுங்கியது. மேடத்தின் அம்பாசிடரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி நெடுக அவள் என் கையை விடவில்லை, மேடம் வழி நெடுக ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றார், நான் வழி நெடுக, எனக்கு வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்திலும் நான் நினைத்தது, என்ன எழுதினாள்?

ஆஸ்பத்திரியில் நர்ஸ், புருஷன் பேரு என்ன என்று கேட்டாள். ஆவுடை சொல்லவில்லை. புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்று அவளை வளர்த்திருந்தார்கள். எந்த வலியும் அந்த வளர்ப்பை அசைக்கவில்லை. என் பேர் சொரிமுத்து. கதவுக்கு வெளியே நின்று நான் கத்தினேன், உள்ளே கேட்கவில்லை. அவள் நர்ஸின் காதில் இருந்த முத்துத் தோட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். நர்ஸ் தோடு என்றாளாம், காது என்றாளாம், கடைசியில் பொறுமை போய், மணியா என்றாளாம். ஆவுடை அந்த நேரம் தலையைப் பின்னால் சாய்த்ததை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு மணி என்று எழுதிவிட்டாள். மகள் பிறந்தாள், மணியின் மகளாக. அதைத் திருத்த நான் அலைந்த அலைச்சல் தனிக் கதை. முத்து என்ற சொல்லையே ஆவுடை வாயில் எடுக்கமாட்டாள். முத்துமாலை அவளுக்கு அந்த வெள்ளை மணிமாலை. முத்தையாபுரத்துக்கு டிக்கெட் வாங்கவேண்டும் என்றால், உப்பளத்துக்கு முன்னால ஒரு ஊரு இருக்குல்லா, அது ஒண்ணு என்பாள். கண்டக்டர்களெல்லாம் அவளைப் பார்த்தாலே கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். மகள் பிறந்து, ஆவுடையை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு நான் களத்துக்குத் திரும்பியபோது மூன்று உறைகளையும் மழைக்கு முந்தி இறக்கி, மூடி போட்டு, ரோடும் போட்டுவிட்டார்கள். அவளுடைய செம்பையும் காணோம். தளவாயிடம் கேட்டேன், என்ன எழுதியிருந்தது? ஏதோ கீறல் கிடந்துச்சு மாப்ள, எழுத்தா கோலமான்னு எனக்கு என்ன தெரியும் என்றான்.

ஆவுடையிடம் கேட்டால், போய்ப் பாருங்களேன் என்பாள். அவ்வளவுதான் பதில். சண்டையில் கேட்டால் அதே பதில், சமாதானத்தில் கேட்டாலும் அதே பதில். அவளுக்குப் பித்தளையில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், எவர்சில்வரில் ஒன்று. வாங்கி வைத்துக்கொண்டாள், தண்ணீர் குடித்தாள், ஆனால் எஞ் செம்பு எங்க என்று கேட்பதை மட்டும் விடவில்லை. உப்பு கூடிவிட்டது என்று நான் சொன்னால், அது கெடக்கட்டும், எஞ் செம்பு எங்க. அப்புறம் இந்தத் தெருவிலேயே எங்களுக்கு வீடு அமைந்தது. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் மேன்ஹோல் மூடி மேல் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் தாண்டுவாள். நல்லா இருக்கியா என்று கீழே பார்த்துக் கேட்பாள். தெருவில் நிற்பவர்கள் பார்ப்பார்கள். அவள் போன பிறகு நான் தட்டுகிறேன். நான் தட்டினால் யாரும் பார்ப்பதில்லை, கிழவன் கால் மரத்துப்போய்விட்டது என்று நினைக்கிறார்கள். தட்டித் தட்டி எனக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அவள் எழுதியது என் பேர்தான். வேறு எதை ஒரு பெண் அப்படி மறைப்பாள்? வாயால் சொல்லக்கூடாததைக் கையால் எழுதிவிட்டாள், எழுதியதை மூடிவிட்டாள், மண்ணுக்குக் கீழே வைத்துவிட்டாள். சொரிமுத்து. ஐந்து எழுத்து. பள்ளிக்கூடத்தில், சொறி, சொறி என்று கூப்பிட்டு அழவைத்த பேர், அது ஒரு தடவையாவது அன்பாக எங்கோ எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் செத்துவிடக்கூடாது. இதுதான் என் ஒரு வாரத் தூக்கத்தைத் தின்றது. செம்பு வேலை செய்திருந்தால் எழுத்து இருக்கும். செய்யாவிட்டால் அவல்.

கிரேன் உறுமுகிறது. முதல் உறை வருகிறது. வரும்போதே தெரிகிறது, போச்சு. சாதாரண உறை. உள்பக்கம் முழுவதும் வெள்ளையாகப் பொதுபொதுவென்று, தொங்குகிற இடத்திலிருந்தே கட்டி கட்டியாக விழுகிறது. சல்லி எல்லாம் பல் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது. கம்பி வெளியே தெரிகிறது, துரு பிடித்துப் பாதி. ரிஸ்வானா கையுறை போட்ட விரலால் வழிக்கிறாள், தயிர்ச் சாதம் மாதிரி வருது தாத்தா என்கிறாள். மேடம் அவல் என்றார், இவள் தயிர்ச் சாதம் என்கிறாள். இத்தனை வருஷம். அதற்கு ஒரு சாண் கீழேதானே அது இருந்தது, அதே வாயு, அதே வியர்வை. மேடம் எடுத்துச் சோதித்ததெல்லாம் சின்னச் சின்னத் துண்டுகள், சாக்கடைக்குள் ஓரிரு வருஷம் தொங்கவிட்டவை. நல்லா இருக்கு, ஆனா நாளாக ஆகத்தான் தெரியும், எப்பவும் தாங்கும்னு நான் சொல்லமாட்டேன் என்றார். அப்புறம் அவருக்கு மாற்றல் வந்தது, அப்புறம் மகனோடு வெளிநாடு போய்விட்டார், ரோட்டைத் தோண்ட யாரும் இல்லை. எப்பவும் தாங்கும்னு சொல்லமாட்டேன். சொல்லமாட்டேன் என்றால் தாங்காது என்றா அர்த்தம்? சொல்லமாட்டேன் என்றால் சொல்லமாட்டேன், அவ்வளவுதான். ஆவுடையும்தான் சொல்லமாட்டேன் என்றாள். வாடை வருகிறதா? வருகிறது. நல்லது. டீக்கடைக்காரர் டீயைக் கையில் திணிக்கிறார், குடிங்க அண்ணாச்சி, ஆறிரும். சங்கிலி மறுபடியும் உள்ளே போகிறது. எழுத்து போயிருந்தால் என்ன? அவள் எழுதியது எழுதியதுதானே. இல்லை, அது ஆறுதல், எனக்கு ஆறுதல் வேண்டாம், எனக்கு எழுத்து வேண்டும். ஹார்ன் அடிக்கிறான். ரோட்டில் ஏதோ பஸ். வாய் அசைந்தது, கை அசைந்தது. பால், ஆவுடை, பால், எனக்குத் தெரியும், இந்தத் தடவை ஹார்ன் அடிக்காமல் சொல்லு.

இரண்டாவது உறை மேலே வருகிறது. கறுத்து, சேறு பூசி, தண்ணீர் சொட்டிக்கொண்டு, முழுசாக. விளிம்பு விளிம்பாகவே இருக்கிறது. எதுவும் விழவில்லை. தரையில் இறக்கும்போது ணங் என்று ஒரு சத்தம், கல்லின் சத்தம், நான் எழுந்து நின்றுவிட்டேன், டீ கீழே. ரிஸ்வானா தண்ணீர்க் குழாயைப் பிடித்து உள்பக்கம் அடிக்கிறாள். சேறு வழிகிறது. அங்கங்கே கொப்புளம் மாதிரிப் பொரிந்திருக்கிறது, மேல்தோல் கொஞ்சம் போயிருக்கிறது, மீதி கெட்டி. தாத்தா இங்க என்னமோ எழுதியிருக்கு என்கிறாள். என்னால் கிட்டப் போக முடியவில்லை. படி என்கிறேன். அவள் தலையை உள்ளே விட்டுப் படிக்கிறாள், எ, ன், அப்புறம் செ, ம், பு. என் செம்பு. வெளியே தலையை எடுத்து, கிரேன்காரரிடம் சொல்கிறாள், பாத்தீங்களா அண்ணே, அந்தக் காலத்துலயே எவ்வளவு ஒழுங்கா லேபிள் போட்டிருக்காங்க, எண், செம்பு. எண் எழுதறதுக்கு மூணு சுழி ண போடாம ரெண்டு சுழி ன போட்டுட்டாங்க, நம்பரையும் எழுத மறந்துட்டாங்க. தாத்தா, இது எத்தனாம் நம்பர் உறை?

நான் சிரிக்கிறேன். முதலில் சத்தம் வரவில்லை, வயிறு மட்டும் குலுங்கியது, அப்புறம் வந்தது, மேடம் சிரித்த மாதிரி, தெருவுக்கே கேட்கிற மாதிரி. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். என் பேராம், என் பேர். சொரிமுத்துவாம். ஏட்டி, நான் எவ்வளவு கிறுக்கனாக இருந்திருக்கிறேன், எவ்வளவு வருஷம் அதன்மேல் நின்று தட்டியிருக்கிறேன், நீ கீழே இருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாய், எஞ் செம்பு எங்க, எஞ் செம்பு எங்க என்று. வயிற்றில் பிள்ளையோடு, வலி வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னால், நாக்கைத் துருத்திக்கொண்டு, கொண்டை ஊசியால் புகார் எழுதி வைத்தவளே. அந்தப் பூச்சிகளும் இத்தனை காலம் அதைப் படித்துவிட்டுப் பசியோடு உட்கார்ந்திருக்கின்றன. ரிஸ்வானா பயந்துபோய், தாத்தா என்ன ஆச்சு, தண்ணி குடிங்க என்கிறாள். டீக்கடைக்காரர் ஓடிவந்து எவர்சில்வர் செம்பில் தண்ணீர் நீட்டுகிறார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. அவர் என் முதுகைத் தடவுகிறார். இந்தத் தடவையும் அழுகிறேன் என்றுதான் நினைக்கிறார், கண்ணில் தண்ணீர் இருப்பது உண்மைதான். சொல்லுங்க தாத்தா, நான் படிச்சது சரிதான, செம்புன்னுதான போட்டிருக்கு என்று ரிஸ்வானா கேட்கிறாள். ஆமாம்மா, செம்புதான் என்கிறேன். இதுவும் செம்புதான். எழுத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். செ-வின் கொம்பு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ம்-மின் புள்ளியில் என் விரல் நுனி சரியாகப் பொருந்துகிறது. மூன்றாவது உறைக்குச் சங்கிலி போடுகிறார்கள். நிக்கல். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் கவலையில்லை. மேல் உறையின் உள்பக்கத்தைக் கூடையில் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். செம்பு கிடைக்கவே இல்லை. எழுத்து ஐந்தும் இருக்கின்றன.